மல்லனின் பங்கு

ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அல்பொன்சா கரைக்கு வந்து சேர்ந்தபோது, கடற்பன்றி என்று அந்தக் கரை சொல்லும் கடற்பசுவின் தோலை ஒரு பக்கம் உரித்து முடித்திருந்தார்கள். குளிப்பதற்குச் சட்டையைக் கழற்றத் தொடங்கி நடுவில் நின்றுவிட்ட பருத்த பெண்ணொருத்தியைப் போல அந்த உடம்பு மணலில் சரிந்து கிடந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டு அவள் பார்வையைக் கடலுக்குத் திருப்பினாள். கண்ணைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியாது. கத்தி கொழுப்புக்குள் இறங்கும்போதெல்லாம் ஈரத் துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோலக் கேட்டது.

முன்துடுப்பை அறுத்தெடுத்தபோது அதன் கக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்தது. முதலில் கொழுப்பு என்றுதான் நினைத்தாள். அது இரத்தத்தோடு கலந்து இளஞ்சிவப்பாகி மணலில் ஊறியது. "பாருங்கடா, இன்னும் பால் வத்தேல்ல" என்று ஒருவன் சொன்னான். ஆண்கள் சிரித்தார்கள்.

அந்த நொடியில் அவளுடைய மார்பும் சுரந்துவிட்டது. ஐந்து மாதக் குழந்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அழுகையுமில்லை, பசியுமில்லை. ஆனாலும் சட்டை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இரக்கமாயிருந்தால் அழுகை வந்திருக்கும். வந்தது ஓக்காளம். செத்த விலங்கொன்று தன்னை இனங்கண்டு கூப்பிட்டது போலவும், தன் உடம்பு தன்னைக் கேட்காமலே ஓமென்று பதில் சொல்லிவிட்டது போலவும் இருந்தது.

"மல்லன்ட பங்கு!" என்று கூவி, மனுவேல் அண்ணாவியார் இரண்டு பெரிய துண்டங்களை அவளுடைய கடகத்தில் போட்டார். மற்ற வீடுகளுக்கு ஒன்றுதான்.

மனுவேல் கண்டக்குழிக் கரையில் இரண்டு வலைகளுக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி. ஊர் நாடகத்தைப் பழக்குகிற அண்ணாவியாரும் அவரே. காலையில் வலைக்காரரை அதட்டிய அதே குரலால் பின்னேரத்தில் ராசாக்களையும் சம்மனசுகளையும் அதட்டுவார். பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு மறுநாள் கோவில் முற்றத்தில் வேதசாட்சி நாடகம் ஆடுவது வழக்கம். அதில் ரோமாபுரி மல்லன் ஒருவன் உண்டு. சிங்கத்தோடு பொருதுவான், கிறிஸ்தவர்களான வேதக்காரரை வெட்ட வருவான், கடைசியில் ஒரு கன்னிப்பெண் சிலுவை அடையாளம் போட்டதும் மரம்போல விழுவான். பதினான்கு வருடம் அந்த வேடம் கட்டியவர், போன வருடம் ஊரையே வாரிக்கொண்டு போன காய்ச்சலில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக அண்ணாவியார் தேர்ந்தது அல்பொன்சாவின் புருசன் இன்னாசிப்பிள்ளையை. உயரம் இருந்தது, குரல் இருந்தது. உடம்புதான் இல்லை. அதே காய்ச்சல் அவனையும் இரண்டு மாதம் பாயில் போட்டு உருக்கிவிட்டிருந்தது.

"ரோமாபுரி மல்லன் எண்டா நாளுக்கு ஒரு மாடு தின்னுறவன். நீ என்னடா எண்டா வலைக்குச்சி மாதிரி நிக்கிறாய். சனம் சிரிக்கும்" என்றார் அண்ணாவியார். ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் மாடு தின்ன முடியுமா? இறைச்சி விலக்கிய சுத்தபோசனம் குலைந்துவிடும். கடற்பன்றி என்றால் குறையில்லை. கடலில் பிடிபட்டது மீன். அந்தக் கரையில் அப்பன் பாட்டன் காலந்தொட்டு அப்படித்தான். மாட்டிறைச்சிபோலச் சிவந்து, பன்றிபோலக் கொழுத்து, பெண்ணைப்போலப் பால் சுரந்தாலும் அது மீன்தான்.

முதல் பங்கை அவள் சமைத்தாள். கொறுக்காய்ப்புளியும் மிளகாய்த்தூளும் அள்ளிப் போட்டாள். கொதி வந்தபோது கறியின்மேல் மஞ்சள் எண்ணெய் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. ஓலைக் கூரை, கொடியில் கிடந்த துணி, குழந்தையின் ஏணை எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறியது. மீன்வாடை அவளுக்கு மூச்சுக்காற்று மாதிரி. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேதான் இருக்கிறாள். இது வேறு. வியர்த்த மனிதரின் கழுத்து மடிப்பை நினைவூட்டுகிற இனிப்பான வாடை.

இன்னாசிப்பிள்ளை கோப்பையை வழித்துத் தின்றான். தின்று முடிக்கும்முன் ஒரு துண்டை எடுத்து அவளுடைய வாய்க்கு நேரே நீட்டினான்.

"ஒரு வாய் தின்னு புள்ள. பால் ஊறும்."

அன்போடுதான் நீட்டினான். அதனால் அவள் வாயைத் திறந்தாள். மென்றபோது மெழுகுதிரியைக் கடித்ததுபோலக் கொழுப்பு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கிவிட்டு வேலிப்பக்கம் போய், சத்தம் கேட்காமல் சத்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவன் எண்ணெய்க் கையால் குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கன்னம் மினுங்கியது. அவள் குழந்தையைப் பறிக்காத குறையாக வாங்கித் தண்ணீரால் கழுவினாள்.

"இதென்ன, நஞ்சா?" என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

இரண்டாவது கடற்பன்றி பதினைந்து நாள் கழித்துக் களப்பில் அகப்பட்டது. அதிலும் மல்லனுக்கு இரண்டு பங்கு. கொஞ்சத்தை உப்பிட்டுக் காயவைத்துத் தினமும் தின்றான். உடம்பு உண்மையாகவே பிடித்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருந்த குழி மூடியது. கன்னம் உப்பியது. கயிறு இழுக்கும்போது அவன் முதுகு பளபளத்ததை அவளும் கண்டாள். ஊர் பார்த்துப் பாராட்டியது. அவன் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தன் முகத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டான். காய்ச்சலுக்குப் பிறகு முதல்தடவை கரைவலைக்குப் போன நாளில் கயிற்றைப் பிடித்தபடியே மயங்கி விழுந்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. அதை அவள் அறிவாள். சதை போடுவது அவனுக்கு வேடத்துக்காக மட்டுமில்லை. செத்துப்போக இருந்த ஒருவன் இனிச் சாகமாட்டேனென்று தனக்குச் சொல்லிக்கொள்ளுகிற வழி அது. இவ்வளவும் விளங்கிக்கொண்டும், பாயில் அவன் கை தன்மேல் பட்டால் அவளுக்குத் தோல் சுருங்கியது.

இதுதான் அவளைப் பயமுறுத்தியது. காய்ச்சல் நாட்களில் அவன் அவள் மடியிலேயே வாந்தி எடுத்திருக்கிறான். மலசலம் எல்லாம் அவள்தான் அள்ளினாள். ஆஸ்பத்திரிக்காரர் கொடுத்த பார்லியைக் கஞ்சி காய்ச்சி, வாயோரம் வழிந்ததைத் தன் விரலால் வழித்து ஊட்டினாள். அன்றைக்கு ஒரு துளி அருவருப்பும் இருந்ததில்லை. இப்போது குளித்து, தலைவாரி, நல்ல உடம்போடு பக்கத்தில் வந்து படுக்கிற மனிதனிடம் ஏன் இந்தக் குமட்டல்? உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்தச் சட்டியைத் தான் கிண்டிக்கொண்டிருந்தால் பிறகு ஒரு நாளும் இவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடுமென்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. சமையல் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முட்டை விற்க வருகிற றம்லாவிடம் ஒரு காலை கேட்டுப் பார்த்தாள். "உங்கட ஆக்கள் அதத் தின்னுவீங்களா?"

"பள்ளிவாசல் லெப்பை சொல்லுறார், கடல்ல உள்ளதெல்லாம் ஹலாலாம்" என்றாள் றம்லா, முட்டையை ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபடி. "எங்கட வாப்பா நல்லாத் தின்னுவார். நான் ஒருக்காப் பார்த்தன் அதுட மார. அண்டையோட சரி. மார்க்கம் விட்டாலும் தொண்டை விடோணுமே, அல்பொன்சா."

மார்க்கம் விடாது என்று யாராவது சொன்னால் நல்லதென்று அல்பொன்சாவுக்குப் பட்டது. தொண்டை சொல்வதை யாரும் கேட்கப்போவதில்லை. சாமியார் சொன்னால் ஊரே கேட்கும்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியார் வீட்டு விறாந்தையில் போய் நின்றாள். சாமியார் பிரான்ஸ் தேசத்தவர். இந்தக் கரைக்கு வந்து இருபது வருடமாயிற்று. தமிழைப் புத்தகத்தில் படித்ததனால் புத்தகம்போலவே பேசுவார்.

"சாமி, கடற்பன்றி மீனோ, இறைச்சியோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மகளே, இருபது ஆண்டுகளில் இதை என்னிடம் எவரும் கேட்டதில்லை."

"நான் கேக்கிறன் சாமி. தபசுகாலம் எல்லே. இறைச்சி எண்டா பாவம்தானே?"

"நீரில் வாழ்வனவற்றை மச்சமென்று கொள்வது பழைய வழக்கம். குளிர் தேசங்களில் மயிருள்ள நீர்ப்பிராணிகளைக்கூட அப்படிக் கணக்கிட்டு உண்டிருக்கிறார்கள். உன் மனச்சாட்சி சமாதானமாக இருக்கலாம்."

"மீன் பால் குடுக்குமா சாமி?"

சாமியாரின் முகம் காதுவரை சிவந்தது. "திருச்சபை பாலைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது" என்றார். பிறகு அவள் இன்னும் போகாமல் நிற்பதைக் கண்டு, "உனக்கு என்ன வருத்தம்? சொல்" என்றார்.

அவள் சொன்னாள். பாலைச் சொல்லவில்லை. மல்லனுக்கு இரண்டு பங்கென்பதையும், ரோமாபுரி மல்லர் நாளுக்கொரு மாடு தின்பார்கள் என்று அண்ணாவியார் சொன்னதையும் மட்டும் சொன்னாள். சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாடா? யார் கொடுப்பார் மாடு? அவர்களில் அநேகர் அடிமைகள், மகளே. வாற்கோதுமை. நீங்கள் பார்லி என்பீர்கள். அதுவும் அவரைக்கொட்டையும். அந்நாளில் சனங்கள் அவர்களை வாற்கோதுமைத் தின்னிகளென்று பரிகசித்ததாக நூல்களில் இருக்கிறது. சண்டை முடிந்தபின் சாம்பல் கரைத்த நீரையும் குடிப்பார்களாம்."

"இறைச்சியே இல்லையா?"

"ஒரு துண்டமும் இல்லையென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். களத்துக்குப் போகுமுன் இரவு பெரிய விருந்து வைப்பதுண்டு. ஆனால் தினசரித் தீனி தானியமும் பயறும். அவர்களுக்குக் காயம் கட்டிய வைத்தியர் ஒருவரே எழுதியிருக்கிறார், அந்தத் தீனி உடம்பை இறுக்காது, ஊதவைக்கும் என்று."

"ஊதின உடம்போட சண்டை பிடிக்க ஏலுமா?"

சாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அவர் அதைச் சொல்லவில்லை. இது என் எண்ணம் மட்டுமே. கொழுத்த உடம்பில் வெட்டினால் இரத்தம் நன்றாகத் தெரியும், ஆள் சீக்கிரம் சாகமாட்டான். பார்க்க வந்தவர்களுக்கு அதுதானே வேண்டும்."

இதைச் சொன்ன வாயாலேயே அவர் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் சொல்லி அனுப்பினார்.

பனைகளுக்கூடாக வீடுவரைக்கும் அவள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை நாளும் மல்லனென்றால் தின்கிறவன் என்றுதான் எண்ணியிருந்தாள். இப்போது பார்த்தால் தீனி போடப்பட்டவன். யாரோ அளந்து போட, வாயைத் திறந்து விழுங்கி, வெட்டுவதற்கு ஏற்றபடி ஊதிக்கொண்டு நின்றவன். பார்லிக் கஞ்சி என்றதும் அவளுக்கு மனதுக்குள் வந்த மெல்லிய சந்தோசம்கூட அந்த நினைப்பில் புளித்துப்போயிற்று.

அன்று பின்னேரம் இன்னாசிப்பிள்ளையிடம் சொன்னாள். அவன் உப்புக்கண்டத்தைப் பல்லால் இழுத்துக்கொண்டே கேட்டான். "சாமிக்கு நாடகம் தெரியாது" என்றான். ஆனால் கதை அவனுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் எடுத்துவிட்டான்.

"அண்ணாவியார், எங்கட வீட்டில ஒரு புதுக் கதை. ரோமாபுரி மல்லன் பார்லிக் கஞ்சி குடிக்கிறவனாம்!"

தென்னந்தோப்பே அதிர்ந்தது. சிங்க வேடக்காரன் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தான். "அப்ப நான் ஏன் உறுமோணும்? ஒரு தும்மல் போதுமே!" என்றான். தண்ணீர்ச் செம்போடு ஓரத்தில் நின்ற அல்பொன்சாவைப் பார்த்து அண்ணாவியார் கையால் கூப்பிட்டார்.

"இஞ்ச வா புள்ள. பார்லி ஆருக்குக் காய்ச்சுறது? காய்ச்சல்காரனுக்கு. அதக் குடிச்சவன் சிங்கத்துக்கு முன்னால நிப்பானா? என்ட பாட்டன்ட கொப்பியில மல்லன் வரவுப் பாட்டு எப்பிடி இருக்கு தெரியுமா?" குரலெடுத்துப் பாடியும் காட்டினார்.

"ஆனையைத் தின்றேப்பம் விட்டேன் - ஏழு
கடலையும் மோரெனக் குடித்தேன்!

பாட்டன் பொய் எழுதுவாரா?"

"உங்கட பாட்டன் ரோமாபுரிக்குப் போய்ப் பார்த்தவரா அண்ணாவியார்?" என்றாள் அல்பொன்சா.

இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அண்ணாவியார் சிரிக்கவில்லை. இன்னாசிப்பிள்ளையின் மேற்கையைப் பிடித்துக் கிள்ளினார். பிறகு நெஞ்சுச் சதையை உள்ளங்கையில் ஏந்தி, சந்தையில் கிடாய் பார்ப்பவன்போலத் தூக்கிக் காட்டினார்.

"இது கஞ்சியிலயா வந்தது? இன்னும் ரெண்டு பங்கு விழுந்தாக் காணும், மினுங்குவான். கேட்டுக்கொள் புள்ள, பங்க வேணாம் எண்டுற வீட்டுக்கு என்ட வலையில கயிறு இழுக்க இடமில்ல."

அவர் கைக்குள் கிடந்த நெஞ்சைக் குனிந்து பார்த்து இன்னாசிப்பிள்ளையும் சிரித்தான். அல்பொன்சா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கையைத் தட்டிவிடாமல், கூச்சப்படாமல், தன் சதை பிடிபட்டதில் பெருமைப்பட்டுச் சிரித்த சிரிப்பு. அண்ணாவியாரின் நகத்துக்குள் வெற்றிலைக் காவி இருந்தது. அந்த நகம் பதிந்த இடம் சிவந்து மெதுவாக மறைவதுவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "அடுத்தது அகப்பட்டா நான் சமைக்க மாட்டன். தின்னவும் மாட்டன். கரையில வச்சே நீங்க வேணாம் எண்டு சொல்லோணும்."

"வலை வேலை போயிடும்."

"போகாது. நீங்க இல்லாம அவருக்கு மல்லன் எங்க? இவ்வளவு நாளும் தீனி போட்டுட்டார், பாஸ்குவுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னால புது ஆள எங்கிருந்து கொழுக்க வைக்கிறது?"

அவன் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தான். அவள் சொன்னது சரியென்று அவனுக்குத் தெரிந்தது. "பாப்பம்" என்றான்.

குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் மூன்றாவது அகப்பட்டது. சின்னது. தாயை விட்டுப் பிரியாத வயதாக இருக்கவேண்டும். இந்தத் தடவை அவள் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. பங்கு போடும்போது மட்டும் வெறுங்கடகத்தோடு வரிசைக்கு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. பச்சை ஈக்கள் தோலின்மேல் அடைந்திருந்தன. யாரோ வாளித் தண்ணீரை ஊற்ற, அவை ஒன்றாக எழும்பி ஒன்றாகவே திரும்பி உட்கார்ந்தன.

"மல்லன்ட பங்கு!"

அண்ணாவியார் துண்டங்களைத் தூக்கிப் பிடித்தார். அல்பொன்சா கடகத்தை நீட்டவில்லை. இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலையருகில் நின்ற இன்னாசிப்பிள்ளையைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னடா இன்னாசி?" என்றார் அண்ணாவியார். "உன்ட பொம்பிளைக்குக் கை வலிக்குதா? இல்லாட்டி உனக்குக் கஞ்சிதான் வேணுமா?"

ஒருவன் குழந்தை அழுவதுபோலச் சத்தம் போட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவன் வந்தான். ஒரு கணம், அந்த ஒரே கணம், இன்னாசிப்பிள்ளை வேண்டாமென்று சொல்லப்போகிறான் என்றே அவள் நம்பினாள். உதட்டைக்கூடத் திறந்தான். பிறகு அண்ணாவியாரின் கையிலிருந்து துண்டங்களை வாங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய இடுப்பிலிருந்த கடகத்தை விரலால் சரித்து உள்ளே போட்டான். இளம் சதை. எடை குறைவு. அதிலிருந்து வழிந்த நீர் ஓலைப் பின்னலுக்கூடாக அவள் இடுப்பை நனைத்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடகத்தோடு நேராக அண்ணாவியாரின் வீட்டுக் குசினிப்பக்கம் போனாள். அவருடைய மனைவி அனஸ்தாசியா பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது மல்லன்ட பங்கு. திருப்பித் தரேல்ல. சமைக்கத்தான் தாறன். அண்ணாவியாருக்குத்தானே மல்லன் கொழுக்கோணும், இஞ்சயே என்ட மனுசனுக்குக் குடுங்க."

அனஸ்தாசியா கடகத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கோபப்படுவாளென்று அல்பொன்சா நினைத்தாள். அவளோ தேங்காய்ப்பூ ஒட்டிய கையைத் தட்டிவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அருவருக்குதா புள்ள?"

"ஓம்."

"எனக்கும்தான். கலியாணம் முடிச்சு முப்பத்தொரு வருசம். ஒரு துண்டு வாயில வச்சதில்ல. இவருக்குத் தெரியாது." ஏதோ கைமருந்து சொல்லிக்கொடுப்பதுபோல அவள் சொன்னாள். "மூக்கால மூச்செடுக்கக்கூடாது. சட்டி இறக்குமட்டும் வாயால எடு. புருசன் வந்து படுக்கேக்கயும் வாயால எடு. கொஞ்ச நாள்ல பழகிப்போகும். எனக்கு இப்ப ஒரு மணமும் தெரியாது. ரோசாப்பூவும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல மனம் கொண்ட பெண். அவள் சொன்னதெல்லாம் உதவியாகத்தான். சற்றே திறந்திருந்த அந்த வாயை, மேலுதட்டுக்குக் கீழே காய்ந்து மங்கிய பற்களை அல்பொன்சா அப்போதுதான் கவனித்தாள். அனஸ்தாசியா எப்போதும் அப்படித்தான் இருப்பாள், கோவிலிலும் கிணற்றடியிலும், வாயைக் கொஞ்சம் திறந்தபடி. ஊரே அதை மந்தமென்று நினைத்திருந்தது. கறி, கொழுப்பு, பால் எதிலும் வராத ஒரு குமட்டல் அல்பொன்சாவின் அடிவயிற்றிலிருந்து எழும்பியது. கடகத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னாசிப்பிள்ளை பசியோடு வீட்டில் காத்திருந்தான். அடுப்பில் நெருப்பில்லை. ஏணையில் குழந்தை முனகியது.

"பங்கு எங்க?"

"அண்ணாவியார் வீட்டில குடுத்திட்டன். அங்க சமைக்கிறாங்க. வேணுமெண்டா அங்க போய்த் தின்னுங்க. எனக்கு இந்த வீட்டுக்குள்ள அது வேணாம்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். கதவுநிலையில் சாய்ந்து மணலைக் காலால் கீறினான். பிறகு, முற்றிலும் வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அந்த மல்லன்மார்... வேணாம் எண்டு சொல்ல ஏலுமா அவங்களுக்கு?"

"அடிமைகளாம். ஏலாது."

"சொன்னா?"

"சாமி சொல்லேல்ல. அடிச்சிருப்பாங்க. கொன்றிருப்பாங்க."

அவன் தலையை ஆட்டினான். "பாவங்கள்" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அவளுக்கு நெஞ்சு இளகியது. இந்த மனிதனைத்தான் அவள் காய்ச்சலிலிருந்து இழுத்தெடுத்தாள், இந்த முகத்துக்காகத்தான். சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "நான் அண்ணாவியாரோட கதைச்சிட்டு வாறன்" என்று அவன் இறங்கியபோது அவள் தடுக்கவில்லை. அவன் நடையில் ஒரு தீர்மானம் இருந்தது. அவள் அடுப்பை மூட்டினாள். காய்ச்சல் காலத்துப் பார்லி தகரத்தில் ஒரு கைப்பிடி மிஞ்சியிருந்தது. வண்டு அரித்ததைப் புடைத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் கஞ்சி வைத்தாள். பார்லியோ அரிசியோ, ஏதாவது ஒன்று அவன் திரும்பி வரும்போது இருக்கட்டும் என்றுதான் வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். முற்றத்தைத் தாண்டுமுன்பே காற்று அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அந்த இனிப்பு. அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாம் சரி" என்றான் அவன், நல்ல செய்தி கொண்டுவந்தவனின் குரலில். உதடு மினுங்கியது. "அண்ணாவியாரோட கதைச்சன். பாஸ்கு மட்டும் நான் அங்கயே தின்னுறன். அனஸ்தாசியாக்கா சமைச்சுத் தருவா. நீ கையே வைக்கத் தேவையில்ல. உனக்காகத்தான் கேட்டன் புள்ள. வலையும் போகேல்ல, கயிறும் போகேல்ல. இப்ப சந்தோசம்தானே?"

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சமைக்க வேண்டாம், தின்ன வேண்டாம், வீட்டில் வாடை வராது. ஒன்றையும் குறைசொல்ல முடியாது. அவன் முகத்தில் இருந்தது உண்மையான அன்பு. எங்கேயோ, எப்போதோ, சங்கிலியில் கிடந்து கஞ்சி குடித்த முகம் தெரியாத ஆண்களை அவள் நினைத்துப் பார்த்தாள். அவர்களிடம் அவளுக்கு அருவருப்பு வரவில்லை. அவர்களால் வேண்டாமென்று சொல்ல முடியாது. இவனுக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. கேலிக்குப் பயந்து விழுங்கிவிட்டு, அதை அவளுக்குச் செய்த உபகாரமாக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் இவ்வளவு நாளும் சட்டியில் தேடிய குமட்டல் சட்டிக்குள் இருக்கவில்லை.

அவன் ஏணைப்பக்கம் குனிந்து குழந்தையைத் தூக்கக் கை நீட்டினான்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அல்பொன்சா.

"அங்க கழுவிட்டுத்தான் வந்தன்."

அவள் பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"இன்னொருக்காக் கழுவுங்க."

அவன் சிரித்தபடி குனிந்து கழுவினான். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு காலியானதும் மறுபடி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.